பாப்பா தூங்கும் நேரத்துக்கு என்ன கூலி?

"குழந்தை தூங்குறப்ப தைக்கலாமே" என்று எல்லோரும் லேசாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒன்றரை வயதைத் தாண்டிய குழந்தைகள் பெரும்பாலும் பகலில் ஒரே ஒரு தூக்கம்தான் போடும். ஒரு நாள் இரண்டு மணி நேரம் தூங்கும், இன்னொரு நாள் முக்கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்குள்தான் அம்மா சாப்பிட வேண்டும், துவைக்க வேண்டும், தண்ணீர் வந்தால் பிடித்து வைக்க வேண்டும். மிச்சமிருக்கும் நேரத்தில் ஒரு லைனிங் ஜாக்கெட்டின் கைகூட முடியாது.

வீட்டிலிருந்து சம்பாதிக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. நானே சம்பாதிக்கிறேன். ஆனால் அது தூக்கத்தை நம்பிச் செய்யும் வேலை இல்லை. குழந்தையை இன்னொருவர் பார்த்துக்கொள்ளும் நேரம் தினமும் கொஞ்சமாவது வேண்டும், அந்த நேரத்துக்கும் சேர்த்துக் கூலி வாங்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் உடம்புதான் கெடும்.

எங்களுக்குச் சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே திருப்பூரில்தான் வேலை. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருந்தேன். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால், ஆர்டர் நெருக்கும் நாட்களில் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்குத்தான் எழுந்திருப்போம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்று 2017இல் மகப்பேறு பயன் சட்டத்தைத் திருத்தி விதி கொண்டுவந்தார்கள். முப்பது, நாற்பது பேரை வைத்து ஜாப் ஒர்க் செய்யும் யூனிட்டுக்கு அது பொருந்தாது. நான் இருந்தது அப்படிப்பட்ட யூனிட். லைன் வீட்டில் குடியிருக்கிறோம், மாமியாரும் அம்மாவும் ஊரில். பாப்பாவை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை.

இந்த ஊரில் வீட்டோடு இருக்கும் பெண்களுக்கு முதலில் வந்து சேரும் வேலை பிசிறு வெட்டுவது. தைத்து முடித்த பனியனில் தொங்கும் நூலையெல்லாம் சின்ன கட்டரால் வெட்டிக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் வண்டியில் பண்டல் வந்து இறங்கும், விடிந்ததும் திரும்ப எடுக்க வருவார்கள். பீஸுக்குக் காசுக் கணக்கில்தான் கூலி. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது பஞ்சுத் தூசி. பத்துக்குப் பத்து அறையில் பண்டலைப் பிரித்தால் அந்தத் தூசி பாய், தலையணை, குழந்தையின் மூக்கு என்று எல்லா இடத்திலும் படியும். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு அந்த வேலை வேண்டாம் என்பதை நான் யாரிடமும் அழுத்தமாகவே சொல்வேன்.

'டெய்லர்தானே, ஜாக்கெட் தைக்க வேண்டியதுதானே?' என்று கேட்கலாம். கம்பெனி டெய்லருக்கும் ஜாக்கெட் டெய்லருக்கும் நிறைய தூரம். கம்பெனியில் ஒருத்தி நாள் முழுக்கத் தோள் மட்டும் மூட்டுவாள், ஒருத்தி கை மட்டும் ஏற்றுவாள், இன்னொருத்தி லேபிள் வைப்பாள். துணியை வெட்டுவதற்குக் கட்டிங் மாஸ்டர் தனி. வருஷக்கணக்கில் மெஷினில் உட்கார்ந்தவளுக்குக்கூட ஒரு முழு உடுப்பை வெட்டித் தைக்கத் தெரியாது. அதனால் பாப்பா வயிற்றில் இருந்தபோதே பக்கத்துத் தெரு அக்கா ஒருவரிடம் கட்டிங் கற்றுக்கொண்டேன். அளவு ஜாக்கெட்டைப் பேப்பரில் விரித்து வரைவது, டார்ட் பிடிப்பது, கைக்குழி வளைப்பது. தையல் ஏற்கெனவே கையில் இருந்ததால் மற்றது சீக்கிரமே வந்தது. வீட்டில் இருந்து தொழில் செய்ய நினைப்பவர்கள் முடிந்தால் குழந்தை பிறப்பதற்கு முன்பே கற்றுக்கொண்டுவிடுவது நல்லது. பிறந்த பிறகு புதிதாகக் கற்றுக்கொள்ளும் பொறுமை மனசில் இருந்தாலும் உடம்பில் இருக்காது.

இனி நேரத்தைப் பற்றி. எங்கள் லைனில் மூன்றாவது வீட்டில் இருக்கிறவளுக்கும் பாப்பா வயசில் ஒரு பையன். அவள் வீட்டிலேயே முறுக்கு, தட்டை போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருக்கும்போது தவழ்கிற பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியுமா? காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை இரண்டு பிள்ளைகளும் அவள் வீட்டில், மத்தியானம் மூன்றிலிருந்து ஐந்து வரை என் வீட்டில். அவள் நேரத்தில் அடுப்பு எரியாது, என் நேரத்தில் மெஷின் ஓடாது. இந்த ஒரு விதியை இருவரும் மீறுவதில்லை. காலை இரண்டு மணி நேரம் மெஷின் தையலுக்கு மட்டும். அப்போது சமையல் கிடையாது, போன் கிடையாது.

கட்டிங்குக்கு மனசு ஒரே இடத்தில் நிற்க வேண்டும், ஒரு தப்பு வெட்டில் மற்றவர் துணி போய்விடும். அதை இரவு பாப்பா தூங்கின பிறகு செய்கிறேன். அந்த நேரத்தில் மெஷின் ஓட்ட முடியாது, சுவருக்கு அந்தப் பக்கம் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் தூங்குவார்கள். என் வீட்டுக்காரருக்கு நிட்டிங்கில் வேலை, ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. இரவு ஷிப்ட் வாரத்தில் அவர் பகலில் தூங்க வேண்டும். அந்த வாரம் ஆர்டரைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன். ஞாயிறு காலை பாப்பா அவர் பொறுப்பு. "உனக்கு உதவி பண்றேன்" என்று ஆரம்பத்தில் சொல்வார். "உதவி இல்லீங்க, உங்க பிள்ளை" என்று சொன்னேன். இப்போது கேட்காமலே தூக்கிக்கொண்டு போகிறார்.

இரண்டு வயது முடிந்ததும் அங்கன்வாடியில் சேர்க்கப்போகிறேன். 1975ஆம் ஆண்டு காந்தி ஜெயந்தி அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் நடப்பவை இந்த மையங்கள். சத்துமாவுக்கும் முட்டைக்கும் மட்டுமான இடம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பாட்டும் விளையாட்டுமாக முன்பருவக் கல்வியும் அங்கே உண்டு. வீட்டிலிருந்து வேலை செய்கிற அம்மாவுக்கு அது தினமும் சில மணி நேரத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. நல்ல அங்கன்வாடி நடக்கும் தெருவில் பெண்களின் வருமானமும் உயரும் என்பது என் திடமான நம்பிக்கை.

கம்பெனியிலிருந்து நான் வீட்டுக்குக் கொண்டுவந்த பழக்கம் ஒன்று உண்டு. ஏற்றுமதிக்குத் தைக்கும் இடத்தில் மெஷின் ஊசி உடைந்தால் உடனே புது ஊசி தர மாட்டார்கள். உடைந்த துண்டுகளை எல்லாம் தேடி எடுத்து, ஒரு நோட்டில் டேப் போட்டு ஒட்டி, ஊசி முழுசாகச் சேர்ந்துவிட்டது என்று பார்த்த பிறகுதான் அடுத்த ஊசி கைக்கு வரும். ஒரு துண்டு காணாமல் போனால் சுற்றியிருக்கும் துணியையெல்லாம் மெட்டல் டிடெக்டரில் விட்டுப் பார்ப்பார்கள். எங்கோ வெளிநாட்டில் அந்தச் சட்டையைப் போடப்போகும் குழந்தைக்காக அவ்வளவு கவனம். என் குழந்தை இதே தரையில் தவழ்கிறாள். அதனால் என்னிடமும் அப்படி ஒரு நோட்டு இருக்கிறது. வேலை முடித்து எழும்போது பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைத் தரை முழுக்க ஓட்டுகிறேன். ஒவ்வொரு தடவையும் குண்டூசியோ கொக்கியோ ஒட்டிக்கொண்டு வரத்தான் செய்கிறது. மோட்டார் பிளக்கைப் பிடுங்கி மேலே மாட்டிவிடுவேன், பெடலைக் குழந்தை மிதித்தாலும் ஓடாது. மிதி மெஷின் வைத்திருப்பவர்கள் எழும்போது பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். சக்கரத்தில் விரல் மாட்டினால் அந்தக் காயம் சாதாரணமாக இருக்காது. பாப்பா விழித்திருக்கும்போது கொக்கி கட்டும் வேலையைக்கூடத் தொடுவதில்லை.

பஸ் ஸ்டாண்டு சுவரிலும் போனிலும் 'பென்சில் பேக்கிங், வீட்டிலிருந்தே மாதம் 30,000' என்று வருகிறதே, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேலை கொடுக்கிறவர் நமக்குப் பணம் தர வேண்டும். பதிவுக் கட்டணம், டெபாசிட், ஐடி கார்டு செலவு என்று நம்மிடம் கேட்டால் அது வேலையே இல்லை. வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று முதலில் நூறு, இருநூறு அனுப்பி நம்பவைத்து, பிறகு ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்வதும் இதே ரகம்தான். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சைபர் குற்றங்களுக்கான உதவி எண் அது. சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம்.

வீட்டில் தைக்கிறவளும் தொழிலாளிதான். 1996இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுவழித் தொழிலாளர்களுக்கென்றே 177ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. அதற்காகப் பாடுபட்டவர்களில் முன்னால் நின்றது அகமதாபாத்தில் இலா பட் 1972இல் தொடங்கிய சேவா சங்கம். இந்தியா இன்னும் அதற்கு ஒப்புதல் கொடுக்கவில்லை. ஆனால் நம் மாநிலத்தில் தையல் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியம் இருக்கிறது. 18 வயதிலிருந்து 60 வயது வரை பதிவு செய்யலாம். பிள்ளைகளின் படிப்புக்கும் மகப்பேறுக்கும் விபத்துக்கும் உதவி உண்டு, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியமும் உண்டு. நடுவில் புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள்தான் தைக்கின்றன. வெட்டிய துணியை வாங்கி வந்து வீட்டிலேயே தைத்துக் கொடுக்கும் உறுப்பினர்கள் ஏராளம். உங்கள் பகுதியில் இருக்கிறதா என்று சமூக நல அலுவலகத்தில் விசாரித்துப் பாருங்கள்.

இப்போது கூலிக்கு வருகிறேன். லைனிங் ஜாக்கெட்டுக்கு நான் 350 ரூபாய் வாங்குகிறேன். லைனிங் துணி, நூல், கொக்கி, கரண்ட் எல்லாம் சேர்த்து 80 ரூபாய் போகும். கட்டிங்குக்கு அரை மணி, தையலுக்கு இரண்டரை, கைமடிப்புக்கும் கொக்கிக்கும் ஒரு மணி. ஆக நான்கு மணி நேரம், கையில் நிற்பது 270. மணிக்கு 67, 68 ரூபாய்தான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு பேரம் பேசுகிறவர்களிடம் நான் தயங்குவதில்லை.

"வீட்டுல சும்மாதானே இருக்கே, இருநூறு வாங்கிக்கோ அம்மிணி" என்று ஒரு அம்மா கேட்டார்கள்.

"சும்மா இருக்கலீங்கம்மா. நாலு மணி நேரம் தைக்கிறேன். அந்த நேரத்துக்கு என் பிள்ளையை இன்னொருத்தி பார்க்கிறா" என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டுதான் போனார்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு மகளின் துணியையும் சேர்த்து எடுத்து வந்தார்கள்.

திருப்பூரில் சனிக்கிழமைதான் சம்பளம். அதனால் துணியைச் சனிக்கிழமை சாயங்காலம் கொடுக்கிறேன், கடன் என்ற பேச்சே வராது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண வேலை இருக்காது. அப்போது சேலைக்கு ஃபால்ஸ் வைப்பது, ஓரம் அடிப்பது, பழைய ஜாக்கெட்டைப் பிரித்துச் சரி செய்வது. பிள்ளை பெற்றவர்களுக்கு ஒரு வருஷத்தில் அளவு கூடும், குறையும். அவர்கள் ஜாக்கெட்டில் பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் உள்தையல் விடுகிறேன், பால் கொடுக்க வசதியாகக் கொக்கியை முன்பக்கம் வைக்கிறேன். கேட்காமலே செய்வதால் அவர்கள் வேறு டெய்லரிடம் போவதில்லை. தீபாவளிக்கு இருபது நாள் முன்பே புதுத் துணி வாங்குவதை நிறுத்திவிடுவேன். அதற்குப் பிறகும் அவசரம் என்று வருகிறவர்களிடம் நூறு ரூபாய் கூடுதலாகக் கேட்பேன். அந்த நூறு மூன்றாவது வீட்டுக்குப் போகும். அவசர வேலை வந்தால் பிள்ளைகள் கூடுதல் நேரம் அவளிடம்தானே இருக்கிறார்கள். அவளுக்குக் கடைகளிலிருந்து முறுக்கு ஆர்டர் கூடினால் அவளும் எனக்கு அதே கணக்கில் கொடுக்கிறாள்.