மணலில் தொடங்கிய முகாம்

1868-ம் வருடம். வேல்ஸ் நாட்டின் லாண்டட்னோ கடற்கரை. விடுமுறைக்கு வந்திருந்த ஜோசையா ஸ்பியர்ஸ், கடவுளின் அன்பைச் சொல்லும் வாசகம் ஒன்றை மணலில் எழுதினார். கூழாங்கல்லாலும் கடல்பாசியாலும் அதை அலங்கரிக்கச் சொன்னதும் குழந்தைகள் ஓடிவந்தார்கள். பிறகு கதை சொன்னார். 'பீச் மிஷன்' இப்படித்தான் ஆரம்பித்தது!

நம்மூர் சர்ச்சுகளின் வி.பி.எஸ். மாதிரிதான். பிரிட்டன் கடற்கரைகளில் இன்றும் கோடையில் பாட்டு, விளையாட்டு, பைபிள் கதை உண்டு. நடத்துகிறவர்கள் தொண்டர்கள். சம்பளம் கிடையாது, பெரும்பாலும் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் கைக்காசுதான்.

ஆனால், நல்ல மனசு மட்டும் போதுமா?

ஜான் ஸ்மைத் கதையைக் கேளுங்கள். பெரிய வழக்கறிஞர், கிறிஸ்தவ முகாம்களில் செல்வாக்கானவர். அங்கே பழகிய சிறுவர்களை வீட்டு ஷெட்டில் வைத்துப் பிரம்பால் அடித்துச் சித்ரவதை செய்தார். 1982-லேயே சிலருக்கு ரகசிய அறிக்கை போனது. போலீசுக்குப் போகவில்லை. 'மனுஷர் பக்திமான் ஆயிற்றே' என்ற தயக்கம் எத்தனை பேருக்கு இருந்ததோ!

1984-ல் ஜிம்பாப்வே போய் அங்கும் முகாம் நடத்தினார். 1992-ல் அந்த முகாமில் 16 வயது சிறுவன் நீச்சல்குளத்தில் இறந்து கிடந்தான். தண்டனை பெறாமலே 2018-ல் ஸ்மைத் இறந்தார். 2024 நவம்பரில் விசாரணை அறிக்கை வெளியானது. கான்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகினார்.

இப்போது இங்கிலாந்தில் முகாம்களுக்கு வரும் தொண்டர்களின் குற்றப் பின்னணியைச் சோதிக்கிறார்கள். தெரிந்தவர்களிடம் விசாரிக்கிறார்கள். குழந்தையோடு பெரியவர் யாரும் தனியாக இருக்கக் கூடாது என்பது அங்கே பரவலான விதி. உங்கள் பிள்ளை முகாமுக்குக் கிளம்பினால், இந்த மூன்றையும் கேளுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறார்களா, பாருங்கள்.