பெட்டிக்குள் எலி, ஃபிரீசருக்குள் எலி

லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க் விலங்குக் காட்சிசாலையில் 1849-ல் பாம்பு, பல்லி, ஆமைகளுக்கென்று தனியாக ஓர் இல்லம் திறந்தார்கள். உலகத்திலேயே அந்த வகையில் அதுதான் முதல். சுருண்டு கிடக்கும் பாம்பை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? இரை போடும் வேளைதான் காட்சி. உயிருள்ள முயலையும் பறவையையும் கூண்டுக்குள் விடுவார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தொப்பி போட்ட கனவான்களும் சீமாட்டிகளும் நிற்பார்கள். இது அநியாயம் என்று பத்திரிகைகளில் எழுதியவர்கள் உண்டு. பாம்புக்கு உயிரோடு இருப்பதுதானே இரை, இயற்கையே அப்படித்தானே என்று பதில் சொன்னவர்களும் உண்டு.

அந்தப் பதிலில் ஓட்டை இருப்பதை அங்கிருந்த பாம்பு ஒன்றே காட்டிக்கொடுத்துவிட்டது. 1851-ல் அது, குளிருக்கு அடக்கமாகப் போட்டிருந்த கம்பளிப் போர்வையை முழுசாக விழுங்கிவிட்டது. பல வாரம் கழித்துத்தான் கக்கியது. கம்பளிக்கு ஏது உயிர்? கதகதப்பாக, ஏதோ ஒரு முயலின் வாடையோடு இருந்திருக்கும். பாம்புக்கு அது போதுமாயிருந்தது. இதைக் கேட்டுச் சிரித்தார்களே ஒழிய, யாரும் இதிலிருந்து பாடம் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

எடுத்துக்கொள்ள அரை நூற்றாண்டு ஆயிற்று. 1903-ல் காட்சிசாலைச் சங்கத்தின் செயலராக வந்த சால்மர்ஸ் மிட்செல், அங்கே கண்காணிப்பாளராக இருந்த போகாக்குடன் சேர்ந்து சோதித்துப் பார்த்து, 1907-ல் ஒரு கட்டுரை எழுதினார். கொன்ற இரையைப் போட்டாலும் பெரும்பாலான பாம்புகள் மறுக்காமல் எடுத்துக்கொள்கின்றன என்பது அதன் சாரம். கூடவே இன்னொன்றையும் பார்த்தார்கள். பாம்பைக் கண்டு நடுங்கியவை குரங்குகள்தான். எலியும் முயலும் அதைச் சட்டை செய்யவே இல்லை. பாம்பின் மேலேயே ஏறி ஓடின. பயத்தில் உறைந்துபோகும் எலி என்பது பெரும்பாலும் நம் கற்பனை. எலிக்குப் பயமில்லை என்பது கேட்க ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆனால் பயமில்லாத எலி என்ன செய்யும் என்பதை வீட்டில் பாம்பு வளர்த்தவர்கள்தான் பின்னாளில் கண்டுகொண்டார்கள்.

விஞ்ஞானிகள் 1907-லேயே சொல்லிவிட்டாலும் வீடுகளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. 1970-களிலும் 80-களிலும் அமெரிக்காவில் பாம்பு வளர்த்தவர் வாரம் ஒருமுறை கடைக்குப் போவார், உயிருள்ள எலியைக் காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வாங்கி வருவார், கண்ணாடித் தொட்டிக்குள் விடுவார். நண்பர்கள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். லண்டன் காட்சிசாலை கைவிட்ட காட்சி வரவேற்பறைக்குக் குடிவந்திருந்தது.

அந்தத் தொட்டிகளில் நிறைய இருந்தது பால் பைத்தான். கானா, டோகோ, பெனின் காடுகளிலும் வயல்களிலும் பிடித்துக் கப்பலேற்றிய சிறு மலைப்பாம்பு. பந்துபோல் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும் என்பதால் அந்தப் பெயர். சாப்பாட்டு விஷயத்தில் இதைப்போல அடம்பிடிக்கும் பாம்பு வேறில்லை என்று பெயரெடுத்தது. புது இடம், புது வெளிச்சம், பழகாத வெள்ளெலி. மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். வளர்ப்பவருக்கோ கவலை. எலியை உள்ளே விட்டுவிட்டு, ராத்திரி எப்படியும் எடுத்துக்கொள்ளும் என்று விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார்.

விபரீதம் அங்கேதான். எலி ராத்திரியில் சுறுசுறுப்பாகும் பிராணி. அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கொறித்தே ஆகவேண்டும். தொட்டிக்குள் தீனி இல்லை, தண்ணீர் இல்லை. பக்கத்தில் அசையாமல் கிடக்கும் சதை மட்டும் இருக்கிறது. பசியில்லாத பாம்பு, சட்டை உரிக்கப்போகிற பாம்பு, குளிரில் விறைத்த பாம்பு, இவை திருப்பித் தாக்காது. பால் பைத்தானுக்கு இன்னும் மோசம். ஆபத்து என்றால் அது தெரிந்துவைத்திருக்கும் ஒரே வழி பந்தாகச் சுருள்வது. தலை பத்திரமாக உள்ளே போய்விடும், முதுகு முழுக்க வெளியே. விடிந்து பார்த்தால் முதுகுத்தோல் போய், சதை போய், முள்ளெலும்பு வெளியே தெரியும். ஊர்வன மருத்துவர்களிடம் இப்படி வந்த பாம்புகளின் கதை ஏராளம். சரியாக இரை எடுக்கும் பாம்புக்கும் ஆபத்து உண்டு. பின்புறமாகப் பிடித்துவிட்டால் எலியின் வாய் சும்மா இருக்காது. ஒரு கடியில் கண் போய்விடும்.

பாம்பு வளர்ப்போரை மாற்றியது எலியின் மீது வந்த இரக்கம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். உண்மையில் மாற்றியவை எலியின் பல்லும், வீட்டு ஃபிரீசரும், கூட்டிக்கழித்துப் பார்த்த கணக்கும். காட்டில் பிடித்த பாம்பு குறைந்து பண்ணையில் பொரித்த குட்டிகள் பெருகின. 1992-ல் அல்பினோ (நிறம் வெளிறிய) பால் பைத்தானை முதன்முதலாகக் கூண்டில் இனப்பெருக்கம் செய்து காட்டினார் பாப் கிளார்க். அதன்பின் விதவிதமான நிறங்களுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்க ஆள் வந்தது. நூற்றுக்கணக்கில் பாம்பு வைத்திருப்பவருக்கு வாராவாரம் எலி வாங்கக் கடைக்கு ஓடிக் கட்டுப்படியாகுமா? அவ்வளவு விலை கொடுத்த பாம்பை மலிவு எலி கடிக்கவிடுவதும் புத்திசாலித்தனமா? எலிப் பண்ணைகள் வந்தன. கரியமில வாயுவில் கொன்று, உறையவைத்து, அளவு பிரித்து, பை பையாக அனுப்பினார்கள். கண் திறக்காத, மயிர் முளைக்காத குட்டி ‘பிங்கி’. லேசாக ரோமம் வந்தது ‘ஃபஸி’. துள்ளத் தொடங்கியது ‘ஹாப்பர்’. காய்கறிக் கடையில் சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம் என்று கேட்பதுபோல் கேட்டு வாங்கலாம்.

இப்போது இரை போடுவது சமையலறை வேலை மாதிரி ஆகிவிட்டது. பாம்பின் உடல் எங்கே அதிகப் பருமனோ, அந்தப் பருமனில் ஓர் எலி. முந்தின இரவு ஃபிரீசரிலிருந்து ஃபிரிட்ஜுக்கு இறங்கும். மறுநாள் பையோடு வெந்நீரில் போட்டு வைப்பார்கள். நடுவில் பனிக்கட்டி இருக்கிறதா என்று வயிற்றை அழுத்திப் பார்ப்பார்கள். மைக்ரோவேவ் கூடவே கூடாது. பாதி வெந்து, சமயத்தில் வெடித்தும்விடும். கடைசியில் சூடு முக்கியம். மலைப்பாம்புகளின் உதட்டோரம் வரிசையாகக் குழிகள் இருக்கும். இருட்டில் வெப்பத்தைப் பார்க்கும் கண்கள் அவை. எலியின் மேல்தோல் 38, 40 டிகிரிக்கு வந்தால்தான் பாம்பு திரும்பிப் பார்க்கும். முடி உலர்த்தியால் எலியின் தலைப்பக்கத்துக்கு மட்டும் சூடு காட்டுகிறவர்களும் உண்டு. பாம்பு தலைப்பக்கம் பிடித்தால் விழுங்குவது சுலபம். நீள இடுக்கியில் இடுப்பருகே பிடித்து லேசாக ஆட்டினால் நாக்கு இரண்டு தரம் வெளியே வரும், கழுத்து வளையும், அடுத்த நொடி இடுக்கி காலி. செத்த எலியைச் சுற்றிச் சுருண்டு, அதை மறுபடி கொன்று முடித்துவிட்டுத்தான் விழுங்கும். விழுங்கிய பிறகு இரண்டு நாள் அதைக் கையில் எடுக்காமல் இருப்பது நல்லது, எடுத்தால் கக்கிவிடக்கூடும்.

ஃபிரீசருக்கும் ஒரு வினை உண்டு. 2010-ல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மனிதர்களுக்குப் பரவிய ஒரு சால்மொனெல்லா தொற்றைத் தேடிப்போனவர்கள் பாம்புக்குப் போடும் உறைந்த எலியில் போய் நின்றார்கள். நோய்ப்பட்டவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். உறைபனியில் அந்தக் கிருமி சாவதில்லை. ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் எலிப்பை வைப்பதும், சமையல் பாத்திரத்தில் எலியை ஊறவைப்பதும் கூடாது என்ற அறிவுரை அதன்பின் பலமாகச் சொல்லப்பட்டது.

உயிர் இரை அடியோடு ஒழிந்துவிடவில்லை. முட்டையிலிருந்து வந்த பால் பைத்தான் குட்டி அசைவதை மட்டுமே முதலில் எடுப்பதுண்டு. அப்போது கைதேர்ந்தவர்கள் கடிக்கத் தெரியாத சிறு குட்டியெலியாகத் தேர்ந்தெடுப்பார்கள். கொஞ்சம் பெரிய எலி என்றால் அதற்கு முதலில் வயிறாரத் தீனி போட்டுவிடுவார்கள், பசித்த எலிதானே பாம்பைக் கொறிக்கும். பாம்பு சட்டை உரிக்கும் நாளில் போடமாட்டார்கள். இடுக்கியோடு பக்கத்திலேயே நிற்பார்கள்; எலி திரும்பிக் கடிக்க வந்தால் பல்லுக்கு இடையில் இடுக்கியைக் கொடுத்துவிடலாம். கால் மணி நேரத்தில் பாம்பு எடுக்காவிட்டால் எலி வெளியே. இரண்டு மூன்று தடவை எடுத்துவிட்டால் அடுத்தது அப்போதுதான் கொன்ற எலி, அதற்கடுத்தது உறைந்து இளகியது. எலி உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் கண்காணிக்க முடியாதவர் இந்த வேலையில் இறங்கவே கூடாது என்பது என் கட்சி.

சுவிட்சர்லாந்து இதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது: செத்த இரையால் பசியாற்ற வழியிருந்தால் உயிர் இரை போடக்கூடாது. நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச் சட்டம், வெறும் வேடிக்கைக்காக ஒரு விலங்கை அடைத்துவைத்து இன்னொன்றுக்கு இரையாக்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது. சாரையையோ நம்மூர் மலைப்பாம்பையோ வீட்டில் வைக்க வனவுயிர்ச் சட்டம் விடாது. பாங்காக்கிலிருந்து பெட்டியில் மறைத்து வரும் பால் பைத்தான்களைச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறை அடிக்கடி பிடிக்கிறது. முறையாக வைத்திருப்பவரும் 2024 விதிகளின்படி அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். இத்தனைக்கும் நடுவே கைப்பேசியில் ‘பாம்புக்கு எலி’ என்று தேடினால் வீடியோக்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ரீஜன்ட்ஸ் பார்க்கில் காசு கொடுத்து உள்ளே போகவாவது வேண்டியிருந்தது.