கழுத்து நாடி அடைப்பு: கத்தியா, பலூனா?

பாரிசவாதம் முன்னறிவிப்பின்றியே வருமென்று பலர் கருதுகின்றனர். எல்லா வேளைகளிலும் அவ்வாறன்று. ஒரு கண்ணின் பார்வை திரை விழுந்தாற்போல் சில நிமிடங்கள் மறைந்து மீள்வதும், ஒரு கை திடீரென வலுவிழந்து வழமைக்குத் திரும்புவதும், பேச்சுக் குழறித் தெளிவதும் அதன் முன்னறிவிப்புகளாக இருக்கலாம். களைப்பு என்றும் வாய்வு என்றும் நம் வீடுகளில் இவற்றுக்குப் பெயர் சூட்டப்படுவதே வழக்கம்.

மூளைக்குக் குருதியைக் கொண்டு செல்லும் கழுத்து நாடிகளின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகுவதுண்டு. வழி குறுகுவதைக் காட்டிலும், அப்படிவிலிருந்து பெயரும் துணுக்குகளும் குருதிக் கட்டிகளும் மூளையைச் சென்றடைவதே பெரும் ஆபத்தாகும். வலியற்றதொரு ஸ்கான் பரிசோதனையே அடைப்பைக் காட்டிவிடும்.

கழுத்தைத் திறந்து படிவை அகற்றும் சத்திரசிகிச்சை 1950களிலேயே தொடங்கியது. அறிகுறி கண்டவர்களில் 70 சதவீதத்திற்கு மேற்பட்ட அடைப்புள்ளோருக்கு, இரண்டு ஆண்டுகளில் அப்பக்க மூளையில் பாரிசவாதம் ஏற்படும் வாய்ப்பை அது 26 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாகக் குறைத்ததென 1991ஆம் ஆண்டு வட அமெரிக்க ஆய்வொன்று நிறுவியது.

பலூன் முறையில் கழுத்தைத் திறக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் தொடையிடுக்கு நாடி வழியே மெல்லிய கம்பியைச் செலுத்தி, அடைப்புக்கு அப்பால் குடை போன்ற வடிகட்டியொன்றை விரிக்கின்றனர். பின்னர் பலூனை ஊதி வழியை அகலப்படுத்தி, ஸ்டென்ட் எனப்படும் உலோக வலைக்குழாயை அங்கேயே நிறுத்துகின்றனர். உதிரும் துணுக்குகள் வடிகட்டியோடு வெளியே வந்துவிடும். எல்லாம் அல்ல என்பதே சிக்கல்.

புதியதெல்லாம் மேலானதென்ற எண்ணம் இங்கு பொருந்தாது. 2,502 நோயாளர்களைக் கொண்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில் இரு முறைகளும் மொத்தத்தில் ஏறத்தாழச் சமமாகவே நின்றன. ஆயினும் சிகிச்சையை ஒட்டிய நாட்களில் பாரிசவாதம் ஸ்டென்ட் பெற்றோரில் 4.1 சதவீதம், சத்திரசிகிச்சை பெற்றோரில் 2.3 சதவீதம், மாரடைப்போ முறையே 1.1, 2.3 சதவீதம். சுமார் 70 வயதைக் கடந்தோருக்குக் கத்தியே பாதுகாப்பானதாகத் தென்பட்டது. முதுமையில் நாடிகள் வளைந்தும் இறுகியும் இருப்பதால், கம்பி செல்லும்போதே துணுக்குகள் பெயரக்கூடும். இருதயம் நலிந்தோருக்கும், முன்னர் கழுத்தில் கதிர்ச் சிகிச்சை பெற்றோருக்கும் பலூனே பொருத்தமாகலாம்.

ஸ்டென்ட் வைத்ததும் மாத்திரைகள் ஓய்வதில்லை. அஸ்பிரினுடன் குளோபிடோகிரெலும் குறைந்தது நான்கு வாரங்களுக்குத் தேவைப்படும். புகைத்தலை நிறுத்துவதும் குருதியமுக்கத்தையும் கொலஸ்ட்ரோலையும் கட்டுப்படுத்துவதும் எம்முறைக்கும் பொதுவானவை.

சத்திரசிகிச்சையின் பயன் அறிகுறி தோன்றிய முதல் இரு வாரங்களிலேயே மிக அதிகம்; பின்னர் அது விரைந்து குறைகின்றது. கை வழமைக்குத் திரும்பிவிட்டதென அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருப்பவர், அந்த இரு வாரங்களையும் வீட்டிலேயே கழித்துவிடுகின்றார்.