வீட்டு அலுவலுக்கு அச்சு யந்திரம்: வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

பேரேடும் பேனாவும் இருந்தால் ஒரு குடும்பத்தின் தொழிற்கணக்கு நடந்துவிடும் என்றிருந்த காலம் கடந்துவிட்டது. 2017-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சரக்கு மற்றும் சேவை வரி அமலுக்கு வந்தது முதல் விற்பனைப் பட்டியல்களை முறையாகத் தயாரித்து வைப்பது பல நெசவாளர் இல்லங்களிலும் அவசியமாகிவிட்டது. விவசாயியோ சிட்டாவை இணையத்தில் எடுக்கிறார். கடன் மனுவோடு ஆதார் அட்டைக்கும் பாஸ் புத்தகத்துக்கும் நகல் வைக்கிறார். ஆதலின், அச்சிடுதல், நகலெடுத்தல், காகிதத்திலுள்ளதைப் படமாக்கிக் கணினிக்கு அனுப்பும் ஸ்கேன் வேலை ஆகிய மூன்றையும் செய்யும் இன்க்ஜெட் பிரிண்டர் ஒன்றை வீட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று அங்கத்தினர்கள் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் நல்லதே. ஆயினும், கடையில் சொல்லும் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்வது தவறு. ஏன் என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம்.

யந்திரம் வேலை செய்யும் விதம்

இவ்வகை யந்திரத்தின் உயிர்நிலை அதன் அச்சுத்தலை. அதில் மயிரிழையினும் சன்னமான துவாரங்கள் பல உள. அவற்றின் வழியே மைத்துளிகள் காகிதத்தின் மீது தெறிக்கின்றன. ஒரு லிட்டரை லட்சம் கோடிப் பங்காக வகுத்தால், அப்பங்குகளில் ஒரு சிலவே ஒரு துளியின் அளவாகும்!

துளியைத் தள்ளும் முறை இருவகைப்படும். ஒன்று, மையை நொடிப்பொழுதில் சூடேற்றிக் குமிழி உண்டாக்கி, அக்குமிழியால் துளியை வெளியேற்றுவது. 1977-ஆம் ஆண்டில் ஜப்பானிலுள்ள கேனன் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், மை நிரம்பிய ஊசியின் மீது சூடான பற்றவைப்புக் கோல் தற்செயலாகப் பட்டபோது மை பீறிட்டதைக் கண்டே அந்நிறுவனத்தார் இம்முறையில் இறங்கினர். மற்றொன்று, மின்சாரம் பாய்ந்தால் வளையும் ஒருவகைப் படிகத்தைக் கொண்டு மையை அழுத்தித் தள்ளுவது.

முறை எதுவாயினும் ஒரு பலவீனம் பொதுவானது. யந்திரம் நெடுநாள் சும்மா இருந்தால் மையின் ஈரம் வற்றித் துவாரங்கள் அடைபடும். அடைப்பை நீக்க, யந்திரம் தானாகவே மையை உறிஞ்சித் துவாரங்களைச் சுத்தம் செய்துகொள்ளும். அவ்வாறு செலவாகும் மை, அடியிலுள்ள ஒரு பஞ்சுத் திண்டில் சேர்ந்து வீணாகிறது. ஆகவே, ஒரு பக்கமும் அச்சிடாத வீட்டிலும் மை குறைந்துகொண்டே வரும். நாம் அறிந்த ஓர் அங்கத்தினர் இல்லத்தில், அறுவடை வேலையின் நெருக்கடியில் மூன்று மாதம் யந்திரம் தீண்டப்படாமல் கிடந்தது. கடன் மனுவுக்குக் கடைசி நாளன்று அதை இயக்கியபோது வெறுங்காகிதமே வெளிவந்தது. பழுது பார்க்கக் கேட்ட தொகையோ புதிய யந்திரத்தின் விலையை நெருங்கியது.

மையின் விலையே விலை

'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்பது இவ்விஷயத்துக்கு மிகவும் பொருந்தும். கார்ட்ரிட்ஜ் எனப்படும் மைப்பெட்டி பொருத்தும் யந்திரங்கள் மலிவாகக் கிடைக்கின்றன. உற்பத்தியாளரின் ஆதாயம் பெரும்பாலும் மைப்பெட்டி விற்பனையில் இருக்கிறது. சிறிய பெட்டி ஒன்று நூற்றுச் சில்லறைப் பக்கங்களிலேயே தீர்ந்துவிடுவதுண்டு. இதைச் சகியாத இந்தோனேசிய நாட்டு உபயோகிப்பாளர்கள், யந்திரத்துக்கு வெளியே மைத்தொட்டி அமைத்துக் குழாய் வழியே மை செலுத்தலாயினர். அதைக் கண்ட எப்சன் நிறுவனம் 2010-ஆம் ஆண்டில் அந்நாட்டிலேயே தொட்டியுடன் கூடிய யந்திரத்தைத் தானே விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று பிற நிறுவனங்களும் அத்தகையவற்றை விற்கின்றன. இவற்றின் விலை கூடுதல். ஆனால் ஒரு புட்டி மை பல ஆயிரம் பக்கங்களுக்கு வரும்.

கணக்கின் பொருட்டுச் சில தொகைகளை வைத்துக்கொள்வோம். பெட்டி யந்திரம் ரூ. 5,000, ரூ. 900 விலையுள்ள பெட்டியில் 150 பக்கம். எனவே, பக்கத்துக்கு மைச் செலவு ரூ. 6. தொட்டி யந்திரம் ரூ. 13,000, ரூ. 400 விலையுள்ள புட்டியில் 4,000 பக்கம். எனவே, பக்கத்துக்கு 10 காசு. காகிதம் இரண்டுக்கும் 70 காசு. ஜெராக்ஸ் கடையிலோ பக்கத்துக்கு ரூ. 5.

பெட்டி யந்திரத்தில் காகிதமும் சேர்த்து ரூ. 6.70 ஆவதால், யந்திரத்தின் விலையைச் சேர்க்காமலே அது கடையைவிட நஷ்டம். தொட்டி யந்திரத்தில் 80 காசு ஆவதால் பக்கத்துக்கு ரூ. 4.20 மிச்சம். மாதம் 60 பக்கம் அச்சிடும் குடும்பத்துக்கு மாத மிச்சம் ரூ. 252. போட்ட முதல் திரும்ப நான்கு ஆண்டுக்கு மேலாகும். மாதம் ஐந்து பக்கம் மட்டும் தேவைப்படுவோர் கடைக்குச் செல்வதே சிக்கனம்.

ஆனால், அண்டையிலுள்ள நான்கு குடும்பத்தார் சேர்ந்து ஒரே யந்திரத்தை வாங்கினால் மாதம் 240 பக்கம் ஆகும், மிச்சம் ரூ. 1,008. பதின்மூன்றே மாதங்களில் முதல் திரும்பிவிடும். அன்றியும், நாள்தோறும் யாரேனும் ஒருவர் உபயோகிப்பதால் துவாரங்கள் அடைபடுவதும் அரிது. விலைகள் ஊருக்கு ஊர் மாறும். எனவே, அங்கத்தினர்கள் தத்தம் ஊர் விலையை இட்டு இக்கணக்கைப் போட்டுப் பார்த்தல் வேண்டும். கடைக்குச் சென்றுவரும் பஸ் கட்டணத்தையும், இழக்கும் அரைநாள் கூலியையும் சேர்க்க மறவாதீர்.

பேணும் முறை

வாரம் ஒருமுறையேனும் எல்லா வர்ணங்களும் அடங்கிய ஒரு பக்கம் அச்சிட வேண்டும். நிறுத்தும்போது யந்திரத்திலுள்ள பொத்தானையே அழுத்த வேண்டும். அப்போதுதான் அச்சுத்தலை தன் மூடியின்கீழ் சென்று அடங்கும். சுவரிலுள்ள சுவிட்சை முதலில் அணைத்தால் அது திறந்தபடி நின்று உலர்ந்துபோகும். தறிக்கூடத்தில் பறக்கும் பஞ்சுத் தூசி காகித உருளைகளில் படியாதிருக்க மேலே துணி போர்த்துதல் நலம். மழைக்காலத்தில் நமத்த காகிதம் சிக்கிக்கொள்ளும்; கட்டைப் பிரித்தபின் உறையிலேயே இட்டு வைக்கவும். கருப்பில் அச்சிடும்போது கருப்பு மையை மட்டும் எடுக்குமாறு கணினியில் அமைத்துக்கொண்டால் வர்ண மை மிஞ்சும்.

கூட்டாக வைத்திருப்போர் ஒரு நோட்டில் அவரவர் எடுத்த பக்கங்களைக் குறித்து வர வேண்டும். பக்கத்துக்கு ரூ. 2 வீதம் வசூலித்தால், செலவு போக ரூ. 1.20 பழுது நிதிக்குச் சேரும். பொறுப்பு ஒருவரிடம் இருத்தல் அவசியம். ஆதார் அட்டையையோ பாஸ் புத்தகத்தையோ கண்ணாடியின் மீது மறந்துவிட்டுச் செல்லலாகாது. கணினியில் தங்கிய படங்களையும் வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். ஒருவர் ஆவணம் மற்றொருவர் கையில் சிக்கினால், மிச்சம் பிடித்த காசைவிடப் பெரிய நஷ்டம் நேரக்கூடும்.

ஓடாத தறி குடும்பத்துக்குச் சோறிடாது. அச்சு யந்திரமோ ஓடாதிருந்தால் சோறிடாததோடு மையையும் குடித்துவிடும். தனியொருவர் வீட்டில் சும்மா கிடக்கும் யந்திரம் நால்வர் கூடினால் நாள்தோறும் உழைக்கும். ஆதலின், வாங்க விரும்பும் அங்கத்தினர்கள் முதலில் ஒரு மாதத்துக்குத் தாம் எடுக்கும் பக்கங்களை எண்ணிக் குறித்துக்கொண்டு, பின்னர் அண்டை வீட்டாருடன் கலந்து முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.