லோ வோல்டேஜ்: ஈபி லைனா, நம்ம வீட்டு வயரா?

மோட்டார் சுவிட்சைப் போட்டதும் வீட்டு லைட் ஒரு நொடி மங்குகிறதா? "ஈபில லோ வோல்டேஜ்" என்று சொல்லும் முன் கொஞ்சம் பொறுங்க. காரணம் நம்ம வயரிலேயே இருக்கலாம்.

எந்த வயருக்கும் மின்தடை உண்டு. மின்சாரம் பாயும்போது வோல்டேஜில் ஒரு பகுதி வயரிலேயே செலவாகிவிடும். இதுதான் மின்னழுத்த இழப்பு. ஸ்டார்ட் ஆகும்போது மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அந்த நொடியில் இழப்பும் அதே அளவு கூடும். லைட் மங்குவது அதனால்தான்.

மெயின் போர்டிலிருந்து 30 மீட்டர் தள்ளி, 1 சதுர மி.மீ. செம்பு வயரில் 2000 வாட் வாட்டர் ஹீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். போக, வர மொத்தம் 60 மீட்டர். மின்தடை சுமார் 1.1 ஓம். ஏறக்குறைய 9 ஆம்பியர் பாயும்போது 10 வோல்ட் வழியிலேயே போய்விடும். எங்கே போகிறது? சுமார் 90 வாட் வெப்பமாக, சுவருக்குள்ளே! லூஸ் கனெக்‌ஷன் இருந்தால் சூடு ஒரே இடத்தில் சேர்ந்து பிளக் கருகும், தீப்பிடிக்கவும் கூடும். 4 சதுர மி.மீ. வயர் போட்டால் இழப்பு கால்வாசிதான்.

ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெயின் போர்டிலும் ஹீட்டர் பாயிண்டிலும் எலக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லுங்கள். ஆஃப் பண்ணிட்டு அளந்தால் இரண்டு இடத்திலும் ஒரே அளவுதான் காட்டும். மெயினில் 230-ஐ ஒட்டி இருந்து பாயிண்டில் மட்டும் குறைந்தால் வயரையும் இணைப்புகளையும் சரிசெய்யணும். இதற்கு ஸ்டெபிலைசர் வாங்குவது தண்டச் செலவு. மெயினிலேயே குறைவா? மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு மின்னகத்தை 94987 94987 என்ற எண்ணில் அழையுங்கள்.