நம்ம ஊர் நொய், செனகலில் விருந்து

குடமுருட்டி பிரிகிற திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எந்த மில்லுக்குப் போனாலும் நொய்க்கு ஒரே மரியாதைதான்: ஓரமாக ஒரு சாக்கு. கஞ்சிக்குக் கொஞ்சம், கோழிக்குக் கொஞ்சம், மிச்சம் தீவனத்துக்கு. 'இதையா கப்பலேற்றி ஆப்பிரிக்காவுக்கு அனுப்புகிறார்கள்? அங்கே யார் சாப்பிடுகிறார்கள்?' என்று கேட்பவர்கள் உண்டு.

சாப்பிடுகிறார்கள், அதுவும் விருந்தாக. மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் அதிகம் பேர் உள்ள இனம் வோலோஃப். அவர்கள் பெருமையாகச் சொல்லும் சாப்பாடு 'செபு ஜென்'. செபு என்றால் அரிசி, ஜென் என்றால் மீன். மீன், தக்காளி, முட்டைகோஸ், கேரட், மரவள்ளிக்கிழங்கு போட்டுக் கொதித்த சாற்றில் நொய்யை வேகவைக்கிறார்கள். முழு அரிசியைவிட நொய்தான் சாற்றை நன்றாக இழுக்கும் என்பது அவர்கள் கணக்கு. பெரிய தாம்பாளத்தில் கொட்டி, வீடே சுற்றி உட்கார்ந்து சாப்பிடும். அடியில் பிடித்த காந்தலுக்குத் தனிப் போட்டி. நம் வீட்டில் மட்டும் என்னவாம்! 2021-ல் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நொய் அங்கே போனது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில். செனகல் நிலத்தில் கடலை போடவைத்து, சாப்பாட்டுக்கு இந்தோசீனாவிலிருந்து மலிவான நொய்யை இறக்கினார்கள். வந்தது ஏழைச் சரக்கு. நாக்கு பழகிப் போயிற்று.

அதே நாட்டின் தெற்கே, காசமான்ஸ் பகுதியில் ஜோலா இனத்தார் தலைமுறை தலைமுறையாக நெல் விவசாயிகள். அலையாத்திக் காட்டை வெட்டி, வரப்புக் கட்டி, மழைத் தண்ணீரால் உப்பைக் கழுவி நெல் போடுவார்கள். நம் கடைமடைக்காரர்களுக்குப் புரியும் பாடு அது. குதிர் நிறைய நெல் இருப்பதுதான் அவர்களுக்குக் கௌரவம். 1970-களின் வறட்சியில் உப்பு ஏறி வயல்கள் பல கெட்டன. இன்று அவர்களும் இறக்குமதி அரிசி வாங்குகிறார்கள்.

இங்கே தீவனத்துக்கும் எத்தனாலுக்கும் நொய் போய் விலை ஏறியதால், 2022 செப்டம்பரில் மத்திய அரசு நொய் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அரசு மூலம் கேட்ட செனகல் போன்ற சில நாடுகளுக்கு மட்டும் விலக்கு. 2025 மார்ச்சில் தடை நீங்கியது.

கொள்முதல் நிலையத்தில் நெல் போடுகிறவருக்கு இதில் நேரடி லாப நட்டம் இல்லை. சொந்த நெல்லை அரைத்து அரிசியாக விற்கிறவர்கள்தான் கவனிக்க வேண்டும். அரவைக் கூலிக்கு ஈடாகத் தவிட்டோடு நொய்யையும் விட்டுவிட்டு வருகிறவர்கள், அடுத்த முறை அதைத் தனியாக எடை போட்டு, அன்றைய விலையை விசாரித்துப் பாருங்கள். விலை இருக்கிறதென்று நொய்யைக் கூட்டிக்கொள்ளவும் வேண்டாம். முழு அரிசிக்குத்தான் எப்போதும் காசு அதிகம். கடும் வெயிலில் மெல்லிசாகப் பரப்பி ஒரே மூச்சில் காயவைத்தால் அரிசியில் கீறல் விழும். இடையிடையே நிழலில் ஆறவிட்டு, ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு வந்ததும் அரைக்கக் கொடுங்கள்.