கண்ணாடி ஏன் வெடிக்கிறது?

கொதிக்கும் பாலை ஊற்றியதும் கண்ணாடி டம்ளர் சில நேரம் 'படக்'கென்று விரிசல் விடும். எவர்சில்வர் டம்ளருக்கு ஒன்றும் ஆவதில்லை. கண்ணாடி சூடு தாங்காது என்று இதற்குக் காரணம் சொல்வோம். ஆனால் 1,000 டிகிரி செல்சியஸுக்கும் மேற்பட்ட உலையில் பிறந்த பொருள் அது. ஒரே டம்ளரின் இரு பக்கங்களுக்கு இடையே சட்டென்று உண்டாகும் வெப்ப வேறுபாடுதான் அதை உடைக்கிறது.

கண்ணாடியில் வெப்பம் மெதுவாகவே பரவும். பால் பட்ட உட்புறம் உடனே விரியப் பார்க்கும். வெளிப்புறம் இன்னும் சூடேறியிருக்காது. உட்புறம் தள்ளத் தள்ள, வெளிப்புறம் இழுபடும். கண்ணாடி அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. தேய்த்துக் கழுவியபோது விழுந்த நுண்ணிய கீறல் ஒன்று அங்கே இருந்தால் போதும், அதிலிருந்து விரிசல் ஓடிவிடும். எவர்சில்வர் தகட்டில் சூடு விரைவாகப் பரவிவிடுகிறது; உலோகம் சற்று வளைந்தும் கொடுக்கிறது.

தடித்த டம்ளர்தான் உறுதியானது என்று நம்பிவிடக் கூடாது. சுவர் தடிக்கத் தடிக்க, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாடு கூடும். ஆய்வகக் குடுவைகளின் சுவர் மெல்லியதாக இருப்பது இதனால்தான்.

சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீர் படுவது இன்னும் மோசம். சுருங்கப் பார்க்கும் மேற்பரப்பே அப்போது இழுபடுகிறது. கீறல்கள் இருப்பதும் அங்கேதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ரயில்வே விளக்குகளின் கண்ணாடிகள் மழையும் பனியும் பட்டு உடைந்தன. குறைவாக விரியும் கண்ணாடி தேவைப்பட்டது. ஜெர்மனியின் யேனா நகரில் ஓட்டோ ஷாட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே போரான் சேர்த்த போரோசிலிக்கேட் கண்ணாடியை உருவாக்கியிருந்தார். 100 டிகிரி சூடேறினால் சாதாரணக் கண்ணாடிக் கம்பி மீட்டருக்கு ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் நீளும், போரோசிலிக்கேட் 0.33 மில்லிமீட்டர்தான் நீளும்.

அமெரிக்காவின் கார்னிங் நிறுவனமும் இத்தகைய கண்ணாடியைத் தயாரித்தது. அங்கே பணியாற்றிய இயற்பியலாளர் ஜெஸ்ஸி லிட்டில்டன், 1913இல் பேட்டரி ஜாடி ஒன்றின் அடிப்பகுதியை அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் மனைவி பெஸ்ஸி அதில் கேக் சுட்டார், கண்ணாடி உடையவில்லை. 1915இல் 'பைரெக்ஸ்' சமையல் பாத்திரங்கள் கடைக்கு வந்தன.

போரோசிலிக்கேட்டுக்கும் எல்லை உண்டு. ஓவனிலிருந்து எடுத்த கண்ணாடிப் பாத்திரத்தை ஈரமான கிரானைட் மேடையில் வைக்காமல், காய்ந்த துணிமேல் வையுங்கள். டம்ளரில் கொதிக்கும் பால் ஊற்றுமுன் வெதுவெதுப்பான நீரால் அலசிக்கொள்ளுங்கள். சூடு படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்கினால் சாதாரணக் கண்ணாடியும் நெடுநாள் உழைக்கும்.